ஆய்வக அறிக்கையில் ‘இல்லை’ என்றால் உண்மையிலேயே இல்லையா?

செம்பூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“என் கணவருக்கு 42 வயது. கல்லூரிக் காலத்திலிருந்தே சிகரெட் பழக்கம் உண்டு. துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு மின்சிகரெட்டையும் அதில் ஊற்றும் திரவப் புட்டிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஓர் ஆய்வக அறிக்கையின் நகலும் இருந்தது. பார்மால்டிஹைடு, நைட்ரோசமைன், ஈயம் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் நேரே ‘கண்டறியப்படவில்லை’ என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது வீட்டில் மின்சிகரெட்டும், வாஷியில் அலுவலக வாசலில் நாளைக்கு மூன்று நான்கு சிகரெட்டுமாக ஓடுகிறது. கேட்டால், ‘95 சதவீதம் ஆபத்து குறைவு என்று ஆய்வகத்தில் நிரூபித்துவிட்டார்கள்’ என்கிறார். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். அந்தப் புட்டிகளில் மாம்பழ வாசனை வருகிறது. என் மாமியார் வேதாரண்யம் பக்கத்துக்காரர், ஊர்ப் புகையிலையை வெற்றிலை பாக்கோடு போடுகிறவர். ‘புகைதான் கெடுதல், என்னிடம் புகையே இல்லையே’ என்பது அவருடைய வாதம். அந்த அறிக்கையை நம்பலாமா? இதில் விஷம் எது, நிக்கோடினா, மற்றவையா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். பொருள்களின் நச்சுத்தன்மையை அளக்கும் ஆய்வகங்களில் வேலை பார்த்தவன். எனவே உங்கள் கணவரின் நெஞ்சையும் உங்கள் மாமியாரின் வாயையும் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள்தாம். அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது, அதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். ஆனால் அறிக்கைக்கு முன்னால் பேச வேண்டியது அந்தப் புட்டிகளைப் பற்றி.

மின்சிகரெட் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் இருப்பது சாதாரணம். அப்படியானால் 10 மில்லிலிட்டர் கொண்ட சிறு புட்டி ஒன்றில் 200 மில்லிகிராம் இருக்கும். 60 மில்லிகிராம் நிக்கோடின் ஒரு மனிதனைக் கொல்லும் என்று நச்சியல் பாடநூல்கள் நெடுங்காலமாக எழுதிவந்தன. அந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போன ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ன்ட் மேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தங்கள்மீதே செய்துகொண்ட நம்பத்தகாத சோதனைகளில்தான் அது போய் நிற்கிறது என்று 2014இல் காட்டினார். வளர்ந்தவர்களுக்கு உயிர்போகும் அளவு அரை கிராமுக்கு மேல் இருக்கலாம் என்பது அவருடைய கணிப்பு. இந்தத் திருத்தத்தைக் கேட்டு நீங்கள் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. மூன்று வயதுக் குழந்தையின் எடை, வளர்ந்தவருடைய எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்; அதோடு நிக்கோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஈரமான பச்சைப் புகையிலையை வெறுங்கையால் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது உலகெங்கும் பதிவான ஒன்று. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு இத்தகைய திரவத்தைக் குடித்த ஒரு வயதுக் குழந்தை இறந்தது. அதன் பிறகுதான் குழந்தைகள் திறக்க முடியாத மூடி அங்கே சட்டப்படி கட்டாயமானது. நண்பரின் பெட்டியில் வந்த புட்டிக்கு அப்படிப்பட்ட மூடி உண்டா என்று இன்றே பாருங்கள். உண்டோ இல்லையோ, பூட்டு உள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு உடனே கழுவ வேண்டும். குழந்தை வாயில் வைத்துவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் வாந்தி, உமிழ்நீர்ப் பெருக்கு, வெளிறிப்போதல், வியர்வை ஆகியவை தோன்றும். வலிப்பும் மூச்சுத் தளர்ச்சியும் பிறகு வரும். பின்னதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இனி அறிக்கைக்கு வருவோம். ‘கண்டறியப்படவில்லை’ என்று ஓர் ஆய்வகம் எழுதினால், தன் கருவிக்கும் முறைக்கும் எட்டிய குறைந்தபட்ச அளவுக்கு மேல் அந்தப் பொருள் தென்படவில்லை என்பதே அதன் பொருள். அரிசி மண்டித் தராசில் ஒரு மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதனால் மூக்குத்திக்கு எடையே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அந்தக் குறைந்தபட்ச அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. நேர்மையான ஆய்வகம் எதுவும் அதை விட்டுவிடாது. விற்பவர் நகலெடுக்கும்போது அந்தப் பத்தி மட்டும் காணாமல் போவது உண்டு.

அடுத்து, ஆய்வகம் சோதித்தது புட்டியில் இருந்த திரவத்தையா, கருவி வெளியிட்ட ஆவியையா என்பதைத் தேடுங்கள். என் கணிப்பில் உங்கள் அறிக்கை திரவத்தைச் சோதித்த அறிக்கையாகத்தான் இருக்கும், ஏனென்றால் செலவு குறைந்த சோதனை அதுதான். ஆனால் உங்கள் கணவர் திரவத்தைக் குடிப்பதில்லை; அதைச் சூடாக்கி மூச்சோடு இழுக்கிறார். திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். இவை சூடேறிச் சிதையும்போதுதான் பார்மால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுகள் உண்டாகின்றன. குளிர்ந்த திரவத்தில் பார்மால்டிஹைடைத் தேடி, ‘காணோம்’ என்று எழுதுவது பொய்யாகாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் ஆகாது. உலோகங்களின் கதையும் இதுவே. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புட்டியிலிருந்து நேராக எடுத்த திரவத்தைவிட, சூடாக்கும் கம்பிச்சுருளைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை பல மடங்கு கூடுதலாக இருந்தன. புட்டியைச் சோதித்தவர்கள் கம்பியைச் சோதிக்கவில்லை.

சரி, ஆவியைத்தான் சோதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்த முறையில் சோதித்தார்கள் என்பது தெரிய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள சிகரெட்டின் வரலாறு உதவும். ஆய்வகத்தில் சிகரெட்டைப் புகைப்பது மனிதன் அல்ல, இயந்திரம். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1967இல் கைக்கொண்ட முறைப்படி, இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். புகை ஒரு கண்ணாடி இழைத் தட்டு வழியே போகும். அதில் படிந்ததிலிருந்து நீரையும் நிக்கோடினையும் கழித்தால் மிஞ்சுவதுதான் ‘தார்’. இந்த இயந்திரம் வந்த பிறகு சிகரெட் நிறுவனங்கள் பில்டரைச் சுற்றி ஊசி முனையளவுத் துளைகள் இட்டன. இயந்திரம் இழுக்கும்போது துளை வழியாக வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துப்போகும், தாரின் எண் இறங்கும், அட்டைப்பெட்டியில் ‘லைட்’ என்று அச்சேறும். மனிதன் புகைக்கும்போதோ அந்தத் துளைகளை விரலும் உதடும் மூடிவிடும். நிக்கோடின் போதாத உடம்பு இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். எண் குறைந்தது, நோய் குறையவில்லை. அந்த எண்களுக்குத் தந்த ஒப்புதலை அதே ஆணையம் 2008இல்தான் திரும்பப் பெற்றது. இடையில் நாற்பது ஆண்டுகள் போயின. இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; தனக்கு இட்ட வேலையைத்தான் அது செய்தது. அளந்த எண்ணை எடுத்து ‘உடம்புக்கு நல்லது’ என்ற இடத்தில் வைத்தவர்கள்தான் பொய் சொன்னார்கள்.

இதற்கு மாற்றாகக் கனடா கொண்டுவந்த கடுமையான முறையில், துளைகளை முழுவதும் அடைத்துவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை 55 மில்லிலிட்டர் இழுப்பார்கள். ஒரே சிகரெட் இந்த முறையில் இரண்டு மூன்று மடங்கு தார் காட்டுவது உண்டு. எந்த இயந்திர முறையும் எல்லா மனிதர்களின் புகைக்கும் வழக்கத்தையும் காட்டாது என்று பன்னாட்டுத் தர அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நொய்டா, குவாஹாட்டி, மும்பை ஆகிய மூன்று இடங்களில் அரசுப் புகையிலைச் சோதனை ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்களையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்: ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிட அவை உதவும், உங்கள் கணவரின் நுரையீரலுக்குள் எவ்வளவு போனது என்று சொல்ல உதவா.

மின்சிகரெட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனெனில் இங்கே கருவியின் மின்னழுத்தத்தை வைத்திருப்பவரே ஏற்றி இறக்கலாம். 2015இல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயக்கிப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் பார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் தென்படவே இல்லை; உயர் அழுத்தத்தில் ஏராளமாக வந்தன. செய்தித்தாள்கள் ‘சிகரெட்டைவிட மோசம்’ என்று எழுதின. அந்த அழுத்தத்தில் பஞ்சுத்திரி வறண்டு கருகும், அந்தக் கசப்பை எந்த மனிதனும் இரண்டாம் முறை இழுக்க மாட்டான் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கேட்டால் இரு தரப்பும் சரியே. எண் கருவிக்குச் சொந்தமானது அல்ல, அதை இயக்கிய நிலைமைக்குச் சொந்தமானது. 3.3 வோல்ட்டில் சோதித்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 5 வோல்ட்டில் இழுப்பவருக்கு அந்த அறிக்கை வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. உங்களிடம் உள்ள நகலில் மின்னழுத்தம், இழுப்பின் கொள்ளளவு, நேரம், இடைவெளி, மொத்த இழுப்புகள் ஆகியவை இல்லையென்றால், அது அறிக்கை அல்ல, விளம்பரத் தாள்.

இன்னொன்று, பட்டியலில் இல்லாத பொருள்கள். ஆய்வகம் தேடச் சொன்னதைத்தான் தேடும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் மீளாத வகையில் அடைபட்டுப்போயின. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டைஅசிட்டைல் ஆவியே அதற்குக் காரணம். அது உணவில் அனுமதிக்கப்பட்ட பொருள். வயிற்றுக்குப் பொருந்துவது நுரையீரலுக்குப் பொருந்தும் என்று எந்த விதியும் இல்லை. ‘உணவுத் தரம்’ என்று புட்டியில் அச்சிட்டிருந்தால் அது வயிற்றுக்கான சான்றுதான். 2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்தியவர்களிடையே கடும் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரையான கணக்கில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முதன்மைக் குற்றவாளியாகக் கண்டறியப்பட்டது. தோல் களிம்புகளில் தடவுவதும் மாத்திரையாக விழுங்குவதுமான பொருள் அது. அதற்கு முன்னால் எந்த ஆய்வகத்தின் பட்டியலிலாவது அந்தப் பெயர் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நம்பகமான மூலப்பொருள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மும்பைவாசியான எனக்கு 1986 நினைவுக்கு வரும். இந்நகரின் அரசு மருத்துவமனை ஒன்றில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த தொழிற்சாலைக் கிளிசரின் மருந்தாகக் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் தலைமையிலான ஆணையம் அதை விசாரித்தது. 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மின்சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது, ஒன்றில் இதே டைஎத்திலீன் கிளைக்கால் அகப்பட்டது. ‘நிக்கோடின் இல்லை’ என்று எழுதிய குப்பிகளில் நிக்கோடினும் இருந்தது. யார் தயாரித்தது, எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று கேட்க வழியில்லாத பொருளுக்கு ஒரு தொகுதியின் அறிக்கை அடுத்த தொகுதிக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் இருப்பு வைப்பதும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை என்பதால், உங்கள் வீட்டுக்கு வந்த புட்டிக்குப் பொறுப்பேற்க இங்கே எவரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேதிப்பொருள் பட்டியலைத் தாண்டி உயிரணுக்களிலும் விலங்குகளிலும் செய்யும் சோதனைகள் இருக்கின்றனவே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். இருக்கின்றன. புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய சோதனையில், ஒரு பொருள் சால்மோனெல்லா பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சிகரெட் புகையின் படிவு இதில் தவறாமல் மாற்றத்தைக் காட்டும். மின்சிகரெட் ஆவி பெரும்பாலும் காட்டுவதில்லை. இது மெய்யான வேறுபாடு, இதை மறைக்கக் கூடாது. ஆனால் பாக்டீரியாவுக்கு இதயம் கிடையாது, நுரையீரலும் கிடையாது. மரபணு மாறாமலேயே இரத்தக்குழாய் இறுகலாம், மூச்சுக்குழாய் வீங்கலாம். அவற்றை இந்தச் சோதனை பார்க்காது. விலங்குகளில் வேறு வகைச் சங்கடம். 1953இல் வைண்டர், கிரஹாம் ஆகியோர் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் பூசிப் புற்றுநோய் வரவழைத்துக் காட்டியபோது, ‘தோலும் நுரையீரலும் ஒன்றா?’ என்று சிகரெட் நிறுவனங்கள் கேட்டன. புகையை நேரடியாகச் சுவாசிக்க வைத்தால், எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி என்பதால் புகையின் கணிசமான பகுதியை மூக்கே வடிகட்டிவிடுகிறது. புகையைக் கண்டதும் அது மூச்சையும் சுருக்கிக்கொள்கிறது. ஆய்வக விலங்குகளில் நுரையீரல் புற்றுநோயை எளிதில் உண்டாக்க முடியவில்லை என்பதைப் பல பத்தாண்டுகள் ஒரு வாதமாகவே பயன்படுத்தினார்கள். அதற்குள் மனிதர்களைக் கணக்கெடுத்த ஆய்வுகள் வழக்கை முடித்துவிட்டிருந்தன. சிகரெட்டின் முழுத் தீமை வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். மின்சிகரெட்டை இன்றைய வடிவில் சீனாவின் ஹான் லிக் உருவாக்கியதே 2003இல். நீண்டகாலக் கணக்கு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

அந்த ‘95 சதவீதம்’ எந்த ஆய்வகத்திலும் அளக்கப்பட்ட எண் அல்ல. 2013இல் லண்டனில் கூடிய 12 நிபுணர்கள், புகையிலை, நிக்கோடின் பொருள்கள் 12 வகைகளை எடுத்துக்கொண்டு, 14 அளவுகோல்களின்படி தங்கள் மதிப்பீட்டில் புள்ளிகள் இட்டார்கள். அது 2014இல் கட்டுரையாக வந்தது. மறு ஆண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அந்த அடிப்படையில் இவ்வெண்ணைப் பரப்பியது. பெரும்பாலான பொருள்களின் தீமைகுறித்துத் திடமான சான்று இல்லை என்று அக்கட்டுரையே ஒப்புக்கொண்டிருந்தது. நிபுணர் கணிப்புக்கு மதிப்பு உண்டு. சிகரெட்டை முற்றிலும் விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மட்டுமே மாறியவர்களின் சிறுநீரில் புற்றுநோய் விளைவிக்கும் நைட்ரோசமைனின் எச்சம் பெருமளவு குறைந்திருப்பதைப் பிற்பாடு நடந்த அளவீடுகளும் காட்டுகின்றன. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவீடுகளிலேயே, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. உங்கள் கணவர் இருப்பது இந்த இரண்டாம் கூட்டத்தில்.

‘நாளைக்கு மூன்று நான்குதானே’ என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று தோன்றுவது இயல்பு. புற்றுநோயில் ஓரளவு அப்படி நடக்கலாம். இதயத்தில் நடப்பதில்லை. 2018இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு உண்டாகும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. நச்சு ஐந்தில் ஒரு பங்கானால் தீங்கும் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு ஆய்வகத் தாளில் செல்லுபடியாகும், இரத்தக்குழாயில் செல்லாது.

விஷம் எது என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: உடனடி விஷமாகப் பார்த்தால் நிக்கோடின், நாள்பட்ட கொலையாளியாகப் பார்த்தால் பெரும்பாலும் அதனுடன் வருபவை. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது 70 புற்றுநோய் விளைவிப்பவை. நிக்கோடின் அந்த எழுபதில் ஒன்றல்ல. ஆனால் அந்த ஏழாயிரத்தையும் நாளுக்கு நாள் தேடிப் போக வைப்பது அதுவே. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். கருவில் உள்ள குழந்தைக்கும் வளரிளம் பருவத்தினரின் மூளைக்கும் தீங்கானது. மருந்துக் கடைகளில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவில் நிக்கோடின் சூயிங்கம் விற்பதைப் பார்த்து, ‘விஷத்தை மருந்து என்கிறார்களே’ என்று வியப்பவர்கள் உண்டு. அளவு தெரிந்த, தொகுதி எண் அச்சிட்ட, எரிக்கவோ ஆவியாக்கவோ வேண்டாத நிக்கோடின் அது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். உங்கள் கணவர் பழக்கத்தை விட முயல்கிறார் என்றால், மாம்பழ வாசனைப் புட்டிக்குப் பதில் இதைத்தான் நான் சொல்வேன், அதுவும் மருத்துவரின் கண்காணிப்பில். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் உண்டு, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. 1800112356 என்ற கட்டணமில்லா எண்ணில் இயங்கும் தேசியப் புகையிலை விடுப்புச் சேவையை அழைத்தால், படிப்படியாக வழிகாட்டித் திரும்பத் திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். அந்தச் சேவையின் மையங்களில் ஒன்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இருக்கிறது.

அவருக்கு அறிக்கையின்மீது அவ்வளவு நம்பிக்கை என்றால், கருவியின் அறிக்கையை விட்டுவிட்டு அவருடைய உடலின் அறிக்கையைக் கேட்கச் சொல்லுங்கள். புகையிலை விடுப்பு மையங்களில் சிறு கருவி ஒன்றில் ஊதச் சொல்லி, மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். அலுவலக வாசலில் புகைத்த சிகரெட் மாலையிலும் அதில் தெரியும். சிறுநீரில் கோட்டினின் என்ற பொருளை அளந்தால் கடந்த இரண்டு மூன்று நாள்களில் உடலுக்குள் போன நிக்கோடினின் கணக்கு வந்துவிடும். இழுப்பின் ஆழமும் மின்னழுத்தமும் இங்கே தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இயந்திரம் எப்படிப் புகைத்தது என்ற தகராறுக்கே இடமில்லை.

இறுதியாக உங்கள் மாமியார். புகையே இல்லை என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் அவர் போடுவதிலுள்ள முதன்மையான நச்சு உண்டாக நெருப்பு தேவையில்லை. புகையிலையைப் பறித்து, உலர்த்தி, பதப்படுத்தி, கட்டி வைத்திருக்கும் காலத்தில், இலையில் உள்ள நிக்கோடினும் அதன் இன ஆல்கலாய்டுகளும் நைட்ரைட்டோடு வினைபுரிந்து என்.என்.என்., என்.என்.கே. என்ற நைட்ரோசமைன்கள் பிறக்கின்றன. இவ்விரண்டையும், புகையில்லாப் புகையிலை முழுவதையும், தனியாகப் பாக்கையும்கூட, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆக, புகையிலையை மட்டும் நீக்கிவிட்டு வெற்றிலை பாக்கைத் தொடர்வதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

சுண்ணாம்புக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஆய்வகத்தில் இதை அளப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். நிக்கோடின் காரத்தன்மையில்தான் வாயின் மென்தோல் வழியே எளிதில் ஊடுருவும் வடிவத்துக்கு மாறுகிறது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 என்றால் நிக்கோடினில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வடிவத்தில் இருக்காது. 8 என்றால் பாதி. 9 என்றால் பத்தில் ஒன்பது. விரல் நுனியில் தொட்டு வைக்கும் சுண்ணாம்பு அந்த அளவை மேலே தள்ளுகிறது. எனவே புகையிலைத் துண்டைச் சிறியதாக்கிவிட்டு சுண்ணாம்பைக் கூட்டினால், உள்ளே போவது குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாப் புகையில்லாப் பொருளும் ஒரே அளவு நச்சு என்றும் நான் சொல்லமாட்டேன்: நைட்ரோசமைன் உண்டாகாதபடி ஆவியில் பதப்படுத்திய ஸ்னஸ் என்ற சுவீடன் நாட்டு வாய்ப்புகையிலை வேறு, நம் ஊர்க் கடைகளில் விற்பவை வேறு, நம்மவற்றில் ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் நைட்ரோசமைன் அளவு மிகப் பெரிதும் வேறுபடுகிறது. சுவீடன் ஆய்வைக் காட்டி இங்குள்ள பொட்டலத்துக்கு நற்சான்று வாங்க முடியாது.

இந்த நகரத்துக்கு இந்தத் துறையில் ஒரு பழைய உரிமை உண்டு என்பதையும் அவரிடம் சொல்லலாம். பரேலில் இருந்த இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர், புகைப்பதும் மெல்லுவதும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு எவ்வாறு தொடர்புடையவை என்பதை பம்பாய் நோயாளிகளிடம் ஆராய்ந்து 1955இலேயே வெளியிட்டார்கள். அதே சங்வி 1974இல் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து பீடிப் புகையையும் அமெரிக்க சிகரெட் புகையையும் ஒப்பிட்டபோது, ‘இயற்கையான இலை’ என்று நம்பப்பட்ட பீடி பல நச்சுகளில் சிகரெட்டை மிஞ்சியிருந்தது. மராட்டியப் பெண்கள் பலர் பல்லில் தேய்க்கும், வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரியும் இந்த நகரத்து ஆய்வகங்களில் சோதனைக்கு வந்ததுதான். புகை இல்லை, ஆகவே தீங்கில்லை என்ற வாதம் இங்கே மிகப் பழையது. அதற்கு விடையும் பழையது. 2016–17ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, வளர்ந்த இந்தியர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். பெண்களும் இதற்கு விலக்கல்லர்.

வாதத்தில் வெல்ல முயலாமல், அவரை ஒரு பல் மருத்துவரிடம் வாய்ச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தாமதம் கூடாது. பெரும்பாலும் மாற்றம் தொடங்குவது புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில்தான். எத்தனை ஆண்டுப் பழக்கம், நாளைக்கு எத்தனை முறை, இரவில் வாயில் வைத்தபடியே தூங்குவது உண்டா, எந்தப் பக்கக் கன்னத்தில் ஒதுக்குகிறார் என்பனவற்றை அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.